மூச்சு வாங்காமல் ஒரு டிரையத்லான்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

நாற்பத்தொரு வயதில், சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பொது நீச்சல் குளத்துக்கு நடந்துபோன முதல் நாள், என்னால் 25 மீட்டர்கூட முழுதாக நீந்த முடியவில்லை. இப்போது ஸ்பிரிண்ட் தூரத்தை இரண்டு முறை முடித்துவிட்டு, ஒலிம்பிக் தூரத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடையில் ஓடியது ஒரு வருடம் சொச்சம். அலுவலகத்திலும் கோயிலிலும் பார்க்கும் தங்கைகள் "அக்கா, எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம். இதே வரிசையில், இடைவெளி இல்லாமல். ஸ்பிரிண்ட் தூரம் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதில் சரியாக இரண்டு மடங்கு; 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதற்குப் பிறகு முழு மாரத்தான் ஓடும் அயர்ன்மேனைக் காணொளியில் பார்த்துப் பயந்துபோய்ப் பலர் விலகிவிடுகிறார்கள். முதல்முறை இறங்குபவருக்கு ஸ்பிரிண்ட் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று விளையாட்டுகளிலும் நான் முன்னேறியது மூச்சைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான். கீழே வரும் எல்லாப் படிகளிலும் அதுதான் திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: தேதியும் மருத்துவரும்

இன்றிலிருந்து பதினாறு வாரம் தள்ளி ஒரு போட்டியைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் என்று எதாவது இருந்தாலோ, அதற்கு முன்பே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் இவை இல்லாத வீடு குறைவு.

இரண்டாம் படி: தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது

பதினாறு வாரத்தில் பாதி உழைப்பு இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். ஓடவும் சைக்கிள் ஓட்டவும் உடம்புக்கு ஓரளவு தெரியும். தண்ணீர் அப்படியில்லை.

முதல் மூன்று வாரம் நான் கையையும் காலையும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தேன். இருபது மீட்டரில் நெஞ்சு அடைத்து, லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து லேனில் தினமும் நீந்தும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ஒருநாள் நின்று, "ஏம்மா, மூச்சை இழுக்கத்தான் செய்யிறே, விடவே மாட்டேங்கிறியே. முதல்ல விடும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நீச்சல் வந்தது அந்த வார்த்தையில்தான்.

காரணம் இதுதான்: நீருக்குள் மூச்சை அடக்கினால் உடம்பில் கரியமில வாயு சேர்கிறது. 'மூச்சு வேண்டும், மூச்சு வேண்டும்' என்று மூளை பதறுவது பெரும்பாலும் அதனால்தான். ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்துவிடுவதில்லை. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

சரி, எப்படிப் பழகுவது? முதல் வாரம் நீந்தவே வேண்டாம். ஆழம் குறைந்த பக்கத்தில் நின்று, முகத்தை நீரில் வைத்து, ஐந்து எண்ணும்வரை குமிழி விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுங்கள். ஐம்பது முறை. அப்புறம் சுவரைத் தள்ளிவிட்டு, உடலை நீட்டி, தரையைப் பார்த்தபடி மிதந்து போங்கள். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். தலை தாழ்ந்தால் இடுப்பு தானாக மேலே வரும். இது இரண்டும் வந்த பிறகு 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல், முப்பது விநாடி ஓய்வு, மறுபடி 25. எட்டு முறையில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு கூட்டுங்கள். எட்டாவது வாரத்தில் 50 மீட்டர்களாக மாற்றுங்கள். நம் பொதுக் குளங்கள் பெரும்பாலும் 50 மீட்டர் நீளம், ஆகவே 750 மீட்டர் என்பது பதினைந்து நீளம். பன்னிரண்டாவது வாரத்தில் நிற்காமல் பதினைந்தையும் முடிக்கப் பாருங்கள், எவ்வளவு மெதுவாக ஆனாலும். கட்டணம் ஒரு தடவைக்குச் சில வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கிவிடும். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். பிற்பகலில் அது அடிக்கடி நடக்கும். காலையில் போவது நல்லது.

உடையை நினைத்துத் தயங்கும் பெண்களுக்கு: முழுக்கை, முழுக்கால் நீச்சலுடைகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் போட்டுக்கொண்டு நீந்துபவர்களைக் குளத்தில் தினமும் பார்க்கலாம். பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டதே இந்தத் தயக்கத்தால்தான். அந்த இரண்டு மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

மூன்றாம் படி: குளத்திலிருந்து கடலுக்கு

கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் கடலில் தரை தெரியாது. நீட்டிய கையே பாதிதான் தெரியும். அடியில் நீலக்கோடு இல்லை, பிடிக்கக் கயிறு இல்லை, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள். குளத்தில் ஆயிரம் மீட்டர் நீந்துபவர்களும் இங்கே முதல் நாள் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் போட்டிக்கு முன் மூன்று தடவையாவது கடலில் இறங்கியிருக்க வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். பயிற்சிக் குழுவோடு போங்கள், பளிச்சென்ற தொப்பி போடுங்கள், இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே புதுத் திறன் திசை பார்ப்பது. ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை, முதலை எட்டிப் பார்ப்பதுபோல் கண்ணை மட்டும் நீருக்கு மேல் கொண்டுவந்து, கரையில் உயரமாகத் தெரியும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ பாருங்கள், உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள். தலை முழுதும் மேலே வந்தால் கால் தாழ்ந்துவிடும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் வெட்சூட் எனும் தடித்த ரப்பர் நீச்சலுடை போட்டிருப்பார்கள். அது உடலை மிதக்க வைக்கும். வெதுவெதுப்பான நீரில் அதற்கு விதிப்படி அனுமதி கிடையாது, நம் கடலில் அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே அந்தக் காணொளிகளில் காட்டும் சுகமான மிதப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நான்காம் படி: சைக்கிள்

புது ரோட் பைக் வாங்காதீர்கள். என் முதல் போட்டியைத் தம்பியின் பழைய ஹைப்ரிட் சைக்கிளில்தான் முடித்தேன். பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும், டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும், இருக்கை சரியான உயரத்தில் இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பெரும்பாலானவர்கள் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. சாலைக்குப் போனால் தலைக்கவசம் கட்டாயம், விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2022லிருந்து சாலையில் ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து போகக்கூடாது, இரட்டை வரிசை என்றால் பத்து பேர். இங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரையில் பிள்ளைகளும் வாடகை சைக்கிள்களும் வருவதற்குள் 20 கிலோமீட்டர் முடிந்துவிடும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும்.

மூச்சுக் கணக்கு இங்கே எளிது. கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் திக்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் கியரைக் குறைத்து, காலை வேகமாகச் சுற்றுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டமும் வெயிலும்

ஓட்டத்துக்கும் அதே கணக்குதான். பேச முடியாமல் போனால் நடங்கள், மூச்சு திரும்பியதும் ஓடுங்கள். நடப்பது தோல்வி என்று நினைத்த காலத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் வீணானது. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தால் 4.3 கிலோமீட்டர். நாடித்துடிப்பு 145ஐத் தாண்டாமல் அந்தச் சுற்றை முடிக்க முதலில் எனக்கு 41 நிமிடம் ஆனது. ஐந்து மாதம் கழித்து அதே 145ல் 35 நிமிடம். ஒரு நாள்கூட நான் வேகமாக ஓட முயலவில்லை. இந்த ஒரு எண்ணைக் குறித்துவைத்தது போல் எனக்கு வேறு எதுவும் ஊக்கம் தந்ததில்லை. (145 என்பது என் உடம்புக்கு வந்த எண். உங்களுக்குப் பேச்சு திக்காத எண் எதுவோ அதுதான் உங்கள் எண்.)

நம் ஊரில் வியர்வை காய்வதில்லை. காற்றில் ஈரம் அவ்வளவு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், ஆகவே அதே வேகம் இங்கே இதயத்துக்குக் கூடுதல் வேலை. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். குளிர்சாதன உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் ஓடினால் பழகவே பழகாது. எவ்வளவு குடிப்பது என்று தெரிய, ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதற்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. தலை சுற்றல், குளிர் நடுக்கம், குழப்பம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நிழலுக்குப் போங்கள். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் வெளியே ஓடாமல் விட்டுவிடுகிறேன்.

வாரக் கணக்கு: செவ்வாயும் வியாழனும் நீச்சல், புதன் ஓட்டம், சனி நீச்சலோ ஓட்டமோ எது பின்தங்கியிருக்கிறதோ அது, ஞாயிறு சைக்கிள். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள். நான்காவது வாரம் வந்தால் பாதியாகக் குறையுங்கள். ஏழாவது வாரத்திலிருந்து ஞாயிறு சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். இதைப் பிரிக் என்பார்கள். முதல் தடவை கால் உங்களுடையதுபோலவே இருக்காது. நான்கைந்து தடவையில் பழகிவிடும்.

ஆறாம் படி: மாறும் இடம்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம் டிரான்சிஷன். கடிகாரம் இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு துண்டை விரித்து, தலைக்கவசம், கண்ணாடி, காலணி, எண் பட்டையை வரிசையாக வைத்துப் பத்து முறை பழகுங்கள். சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டியிருக்க வேண்டும்; திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் அவிழ்க்கலாம். குறித்த கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன் இறங்கிவிட வேண்டும். காலணிக்கு எலாஸ்டிக் கயிறு மாட்டினால் முடிச்சுப் போடும் வேலை மிச்சம். உங்கள் சைக்கிள் எந்த வரிசையில் இருக்கிறது என்று நுழைவாயிலிலிருந்து எண்ணி மனப்பாடம் செய்யுங்கள்.

ஏழாம் படி: போட்டி நாள்

புதிய காலணி, புதிய பானம், புதிய உணவு எதுவும் வேண்டாம். நான் இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியில் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டு, ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்கிறேன். சாம்பார் கிடையாது.

நீச்சலில் கடைசியாகவும் ஓரமாகவும் இறங்குங்கள். என் முதல் போட்டியில் நடுவில் இறங்கினேன். யாரோ ஒருவரின் கால் என் கண்ணாடியில் பட்டது. 200 மீட்டரில் மூச்சு முற்றிலும் கலைந்துவிட்டது. கையை உயர்த்தியதும் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் படகு வந்தது. அதைப் பிடித்து ஓய்வெடுக்க விதியில் இடம் உண்டு, அதை வைத்து முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். கயாக்கின் முனையைப் பிடித்தபடி முகத்தை நீரில் வைத்து, முதல் வாரத்தில் செய்ததுபோல் ஐந்து எண்ணிக் குமிழி விட்டேன். பத்து முறை. பிறகு கையை எடுத்துவிட்டு நீந்தினேன்.

சைக்கிளில் முதல் பத்து நிமிடம் அடக்கி ஓட்டுங்கள். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையைத் தவிர்ப்பதைப் பெரும்பாலான பொதுமக்கள் பிரிவுகளில் அனுமதிப்பதில்லை. போட்டிக்கு முன் சொல்லும் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் தண்ணீர் மேசை ஒவ்வொன்றிலும் நடந்து குடியுங்கள், தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அன்று எனக்கு ஆனது 2 மணி 3 நிமிடம். ஏழு மாதம் கழித்து இரண்டாவது போட்டியில் 1 மணி 47. குறைந்த பதினாறு நிமிடத்தில் நீச்சல் நான்கு, சைக்கிள் ஐந்து, ஓட்டம் நான்கு. மீதி மூன்று நிமிடமும் கீழ்த்தளத்தில் துண்டு விரித்துப் பழகியதால் வந்தது.

முடித்த பிறகு ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள், நடையைத் தவிர. அப்புறம் நோட்டில் எந்த இடத்தில் மூச்சு கலைந்தது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் இப்போது இருப்பது '22ஆவது நீளம்'. ஒலிம்பிக் தூரத்துக்கு முப்பது வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு ஐயாவின் பக்கத்து லேனில் இருப்பேன்.