உப்பு நிலத்தில் எரு போடும்போது எங்கே தவறுகிறோம்?

உப்புப் பூத்த நிலத்தில் நாலு வண்டி எருவைக் கொட்டினால் மண் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. எரு உப்பைத் தின்னாது. மண்ணைப் பொலபொலப்பாக்கித் தண்ணீர் இறங்க வழி செய்யும், அவ்வளவுதான். உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோவது தண்ணீர். பல தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

உவர், களர் இரண்டையும் ஒன்றாக நினைப்பது அதில் பெரிது. மண் பரிசோதனையில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டி, காரத்தைக் காட்டும் பி.எச். 8.5-க்குக் கீழே இருந்தால் அது உவர் நிலம். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் படரும். பி.எச். 8.5-க்கு மேலே போய், மண்துகளில் ஒட்டியுள்ள நேர் அயனிகளில் சோடியம் மட்டும் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். தேங்கிய நீர்கூடக் கறுப்பாகத் தெரியும், மட்கு காரத்தில் கரைந்து வருவதால். உவருக்கு எருவும் நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் சமாளிக்கலாம். களருக்கு ஜிப்சம் வேண்டும், அதிலுள்ள கால்சியம்தான் சோடியத்தைப் பெயர்த்து வெளியே தள்ளும். வெறும் எருவை நம்பினால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டும் கலந்த நிலமும் உண்டு, அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் போக, ஒரு அடி உயரத் தண்ணீர் அந்த மண்ணின் வழியே இறங்கிப் போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை என்றால்? நிலத்தடி நீர் மேலே வரும், வெயிலில் ஆவியாகும், உப்பு பழைய இடத்திலேயே உட்காரும். வடிகால் வெட்டாமல் எரு வாங்குவது காசைக் கரைப்பது.

சரி, எருவே உப்பாக இருந்தால்? கோழி எருவில் உப்பு அதிகம். குப்பை உரங்கள் சிலவற்றிலும் அப்படித்தான். மண்ணோடு எருவையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள், இதை ஏனோ யாரும் செய்வதில்லை. சாம்பலை அள்ளிப் போடுவதும் ஆகாது. அது காரம், களரில் எரிகிற தீயில் எண்ணெய். வைக்கோலை மட்கவிடாமல் உழுதுவிட்டு உடனே விதைத்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும்.

பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு நல்ல தேர்வு, உப்பையும் களரையும் ஓரளவு தாங்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் தழை கிடைக்கட்டும் என்று விட்டுவைப்பார்கள். பூக்கத் தொடங்கும்போதே, அதாவது 45 முதல் 50 நாளில் மடக்கி உழ வேண்டும். தாண்டினால் தண்டு நாராகி மட்கவே மாதங்கள் எடுக்கும்.

அறுவடைக்கு அப்புறம் நிலத்தை வெறுமனே காயப்போடாதீர்கள், மூடாக்குப் போட்டால் உப்பு மேலேறுவது குறையும். பாசன நீரையும் சோதியுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு முதல் பருவத்திலேயே பீன்ஸ் விதைப்பவர்களும் இருக்கிறார்கள். மண்ணின் மின்கடத்துதிறன் 1-ஐத் தாண்டினாலே அதில் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். பார்லியும் பருத்தியும் ஏறத்தாழ 8 வரை தாங்கும், முளைக்கும் பருவத்தைக் கவனமாகக் கடந்துவிட்டால்.