தலையீற்றுக் கிடேரியைக் கறவைக்குப் பழக்குவது எப்படி?

கன்று போட்ட பிறகுதான் முதன்முதலாக மடியில் ஆள் கை படுகிறது என்றால், தலையீற்றுக் கிடேரி, அதாவது முதல் கன்று போடும் இளம் பசு, உதைக்கத்தான் செய்யும். சினை 7ஆம் மாதத்திலேயே பழக்கத் தொடங்குங்கள்.

கறக்கப்போகும் ஆளே, கறக்கப்போகும் பக்கத்திலேயே நின்று, தினமும் ஒரே நேரத்தில் கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும் வைத்துவிட்டு முதுகைத் தேய்த்துவிட வேண்டும். தோல் சிலிர்ப்பது நின்றதும் விலா, வயிறு, தொடை, மடி என்று கையை இறக்கலாம். ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். தீவனத்திலிருந்து தலை தூக்காமல் நிற்கும்வரை அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள். காம்பைத் தொடலாம், பீச்சவே கூடாது. நுனியில் இயற்கையாக இருக்கும் அடைப்பு உடைந்தால் மடிநோய்க் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

கையை எந்த நொடியில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கால் தூக்கியதும் கை விலகினால், தூக்கினால் தொல்லை போகும் என்று மாடு கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் தூக்கும். அதனால் தொடைக்கு முன்னால், விலாவை ஒட்டி நின்று, புறங்கையை மடியில் லேசாக வைத்தபடியே இருங்கள். கால் ஊன்றி, இரண்டு மூச்சு அமைதியாக நின்ற பிறகு எடுங்கள். உதைத்தே பழகிய மாட்டிடம் இப்படிச் செய்யும்போது முதல் சில நாள் உதை கூடும். இதுவரை பலித்த வழி பலிக்காததால் வேகம் காட்டுகிறது. அப்போது விட்டுக்கொடுத்தால் பலமாக உதைப்பதே பழக்கமாகிவிடும். அடிக்கவும் வேண்டாம். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, மடியில் பால் இருந்தும் இறங்காது.

கன்று போட்ட பின் வரிசையை மாற்றாதீர்கள்: பாத்திரச் சத்தம், தீவனம், வெதுவெதுப்பான நீரில் மடி கழுவித் துடைப்பது, கறவை. சில வாரத்தில் பாத்திரச் சத்தத்துக்கே சுரப்பு விடும், அதாவது பாலைக் காம்புக்கு இறக்கும், மாடுகள் உண்டு. கழுவிய ஏறக்குறைய 1 நிமிடத்தில் பால் இறங்கும். அதை இறக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் 5 முதல் 7 நிமிடம்தான் வேலை செய்யும் என்பதால், கழுவிவிட்டுப் பாத்திரம் தேடப் போனால் அன்றைய பாலில் ஒரு பங்கு மடியிலேயே நின்றுவிடும்.

நாட்டு மாட்டுக்குக் கன்று ஊட்டினால்தான் சுரப்பு விடும் பழக்கம் அழுத்தமாகப் பதியும். கன்று செத்தால் பாலும் நின்றுபோகலாம். ஆரம்பத்திலிருந்தே மடி கழுவிய பிறகே கன்றை விடுங்கள். பிறகு சுரப்புக்காகக் கன்று முட்டும் நேரத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்து, அதற்குரிய பாலைக் கறவை முடிந்ததும் குடிக்க விடுங்கள். ஆக்ஸிடோசின் ஊசி போட்டுச் சுரக்கவைப்பதைப் பழக்கமாக்கினால், ஊசி இல்லாமல் பால் விடாத மாடுதான் மிஞ்சும்.

நன்றாக நின்ற மாடு திடீரென்று உதைத்தால் அது பெரும்பாலும் வலியால்தான். காம்பில் வெடிப்பு இருக்கிறதா, மடியில் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாக வந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.