மலையேறும்போது கூடவே ஒரு காய்ந்த பனியன்

சேர்வராயன் மலையில் பழைய மாட்டுப்பட்டிக் குடிசை வரை ஏறிப் போகிறவர்கள், காய்ந்த பனியன் ஒன்றைப் பால் கவரிலோ பிளாஸ்டிக் பையிலோ சுற்றி, பையில் மேலாகவே வையுங்கள். போய்ச் சேர்ந்ததும், உட்காருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். நடக்கும்வரை குளிர் தெரியாது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், வியர்வையில் நனைந்து, பை அழுத்தி முதுகோடு ஒட்டிக்கிடக்கும் ஈரப் பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். குடிசையின் கல் சுவர் இடுக்கில் வரும் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே ஸ்வெட்டர் போட்டாலும் உள்ளே ஈரம் ஈரம்தான். கனமான ஜெர்கினைவிட, கைப்பிடி அளவு பனியன் மேல் என்பேன்.

மழையில் நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது உதவாது. மாற்றியதும் நனைந்துவிடும், ரெயின்கோட்தான் வேண்டும். சித்திரை வெயிலில் அரை மணி நேர நடைக்கும் தேவையில்லை. அப்புறம், காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.