அற்புதங்களைப் பாடும் சங்கீதங்களை வாசிக்கும் முறை

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் கர்த்தருடைய அற்புதங்களைப் புகழும் எபிரேயப் பாடல்களை ஆழ்ந்து படிக்க விரும்புகிறவர் 77 ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் அங்கே துதி எளிதில் பிறப்பதில்லை. உறக்கமின்றித் தவிக்கும் ஒருவருடைய புலம்பலாகவே அது ஆரம்பமாகிறது. 7 முதல் 9 வரையுள்ள வசனங்களில் அவர் அடுக்கும் கேள்விகளை வாய்விட்டு, நிதானமாக வாசியுங்கள். தேவன் இரக்கம் காட்டவும் மறந்துவிட்டாரோ என்று கேட்குமளவுக்கு அவர் நொந்திருப்பதை உணராமல் கடந்து சென்றால், பின்வரும் புகழ்ச்சியின் கனம் நமக்குப் பிடிபடாது.

பிறகு 11 ஆம் வசனத்தில் நில்லுங்கள். கேள்விகளில் தேவனைப் படர்க்கையில் வைத்துப் பேசியவர், இந்த ஒரே வசனத்துக்குள் "கர்த்தருடைய செயல்கள்" என்று தொடங்கி "உம்முடைய அதிசயங்கள்" என்று முன்னிலைக்குத் திரும்பிவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை பாடலின் உயிர்நாடி இந்தத் திருப்பந்தான். 14 ஆம் வசனத்தில் "அதிசயங்களைச் செய்கிற" என்பதற்கு மூலத்திலுள்ள "ஓசே பேலே" என்ற சொற்கள், எகிப்திலிருந்து வெளியேறிச் சிவந்த சமுத்திரத்தைக் கடந்த இஸ்ரவேல் மக்கள் பாடிய பாடலிலும், அதாவது அந்த வெளியேற்றத்தைச் சொல்லும் யாத்திராகமப் புத்தகத்தின் 15:11 இலும் இருக்கின்றன. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். யாத்திராகமம் 14 ஆம் அதிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே இரவு முழுவதும் கீழ்க்காற்று வீசுகிறது, இடிமுழக்கமோ மின்னலோ சொல்லப்படவில்லை, சங்கீதக்காரரோ அந்தக் கடலின்மேல் இடியையும் மின்னலையும் பூமியதிர்ச்சியையும் காண்கிறார். அவர் நினைவுகூர்வது பழங்கதையை ஒப்பிப்பதன்று, அந்தக் கரையில் தாமே போய் நிற்பதாகும்.

எபிரேயக் கவிதையில் ஒரு வரியை அடுத்த வரி இணையாகத் தொடரும். அதை வெறும் கூறியது கூறலாகக் கொள்ளாதீர்கள். எட்டே வசனங்கள் கொண்ட 114 ஆம் சங்கீதத்தில், கடல் விலகி ஓடியதும் யோர்தான் நதி பின்னிட்டுத் திரும்பியதும் ஒரே வசனத்தின் இரு பாதிகள். அவற்றுக்கிடையே, கடலைக் கடந்த மக்கள் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் செல்ல யோர்தானைக் கடக்கும்வரை வனாந்தரத்தில் கழிந்த 40 ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

இறுதியாக 136 ஆம் சங்கீதத்தை இருவராக வாசியுங்கள். ஒருவர் ஒவ்வொரு வசனத்தின் முதற்பாதியையும் சொல்ல, மற்றவர் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 முறையும் மறுமொழி கூறட்டும். சலிப்பூட்டுகிறதென்று ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். 13 ஆம் வசனத்தில் சிவந்த சமுத்திரம் பிளந்ததற்குப் பின்னால் ஒலித்த அதே சொற்கள், 25 ஆம் வசனத்தில் எல்லா உயிர்களுக்கும் அவர் ஆகாரம் கொடுப்பதற்குப் பின்னாலும் ஒலிக்கின்றன.