எலும்பு போட்டால் பல் சுத்தமாகும் என்று நம்பாதீர்கள்

நாய்க்குச் சாக்லேட், வெங்காயம் ஆகாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல்முறை நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பல் தேய்ப்பதற்குப் பதில் எலும்பு

ஞாயிற்றுக்கிழமை குழம்பில் வெந்த எலும்பு கூராகச் சிலும்பி உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். சரி, பச்சை எலும்பு போடலாமே என்பார்கள். ஆட்டுக்கால், மாட்டுக்கால் எலும்பெல்லாம் பல்லையே உடைக்கும் அளவுக்குக் கெட்டி. நாய் கெட்டியானதைக் கடிப்பது மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல்லால். அந்தப் பல்தான் பக்கவாட்டில் பட்டையாகப் பெயர்ந்துவிடும்.

தெரிந்த வீட்டு லாப்ரடாருக்கு வலது கண்ணுக்குக் கீழே வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். வீக்கம் வடிந்து, மறுபடி வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல்லில் பாதி இல்லை, வேர் வரை சீழ். வலி இருந்த பக்கம் மெல்லாததால் அந்தப் பக்கம் மட்டும் மஞ்சள் காரை அப்பிக் கிடந்தது. அந்தப் பல்லுக்கு மூன்று வேர், மயக்க மருந்து கொடுத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. "நல்லாத்தானே சாப்பிட்டான்" என்றார்கள். சாப்பிடத்தான் செய்யும், பல்வலிக்காக நாய் பட்டினி கிடப்பது அபூர்வம். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள், கடையில் விற்கும் மான்கொம்பும் குளம்பும் உட்பட.

பல்லில் படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகிவிடும், அதனால் வாரம் ஒருமுறை தேய்ப்பதில் பெரிய பயனில்லை, தினமும் தேய்க்கப் பாருங்கள். முதலில் உதட்டைத் தூக்க மட்டும் பழக்குங்கள், அப்புறம் விரலில் மாட்டும் பிரஷ். வெளிப்பக்கம் தேய்த்தாலே போதும்.

நம்ம பேஸ்ட்

கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்து.

மயக்க மருந்து இல்லாத ஸ்கேலிங்

காரையைச் சுரண்டி எடுத்ததும் பல் பளபளக்கும். ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

டீயோடு ஒரு பிஸ்கட்

கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை 600 கலோரி சொச்சம். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25. வீட்டில் நாலு பேர் ஆளுக்கு இரண்டு போட்டால் 200, அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. போட்ட யாருக்கும் அடுத்தவர் போட்டது தெரியாது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. அந்த இரண்டு வருஷத்தைப் பிஸ்கட்டுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

விலா எலும்பைத் தடவினால் புறங்கை எலும்பைத் தடவுவது போல இருக்க வேண்டும், தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. தின்பண்டம் எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். பல்லுக்கென்று வாங்கிக் கொடுக்கும் டென்டல் ஸ்டிக்கும் அதில் சேர்த்திதான்.