ரப்பர் முகத்தைக் கழற்றாமல் பழகுங்கள்: மூன்றாம் வருடம் போகும் பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) பிள்ளைகளுக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதுவரை கிராம்புத் தைலத்தில் ஓட்டியவர்கள் அப்போதுதான் பல்லைக் காட்ட வருவார்கள். லீவுக்கு ஊர் வந்த பல் மருத்துவப் பிள்ளைகளும் அதே சமயம் வாசலில் நிற்பார்கள். "மேடம், அடுத்து கிளினிக்ஸ், நிஜ நோயாளிங்க. பயமா இருக்கு, கூட நின்னு பாக்கட்டுமா?" நிற்கலாம், எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் பிடிக்கலாம். வேறெதையும் தொட விடமாட்டேன்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஃபேன்டம் ஹெட்டுக்கு, அதாவது பயிற்சிக்கான பொம்மைத் தலைக்கு, ரப்பர் முகத்தை மாட்டிக்கொண்டா வேலை பார்த்தாய்? பெரும்பாலும் அசட்டுச் சிரிப்புதான் பதில். மறைக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, பொம்மைத் தலையை ஆந்தை மாதிரி திருப்பி, மேல் கடைவாய்ப்பல்லை நேராகப் பார்த்தே குடைந்திருப்பார்கள். மார்க்கும் கிடைத்திருக்கும். ஆனால் எந்த மனுஷக் கழுத்தும் அப்படித் திரும்பாது.

கிளினிக்ஸ் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ரப்பர் முகத்தை மாட்டுங்கள். தாடையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். நல்ல வாய் மூன்று விரல் திறக்கும். பாக்கு போட்டுப் போட்டுக் கன்னம் உள்ளே நார் மாதிரி இறுகிப்போனவருக்கு அது வராது. வற்புறுத்தித் திறக்கவும் கூடாது. தண்ணீர் ஸ்பிரேயைப் போட்டு, வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடி நனைய நனைய, 26-ஐ (மேல் இடது முதல் கடைவாய்ப்பல்) அதில் மறைமுகமாகப் பார்த்து வேலை செய்யுங்கள். முதல் வாரம் அழுகை வரும். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிளாஸ்டிக் பல்லுக்கு மேலே கீழே ஒரே பதம். நிஜப் பல்லில் மேல் ஓடான எனாமல் கடினம், அதற்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மெது, சொத்தை இன்னும் மெது. எனாமலைத் தாண்டும்போது, குடையும் முனையான பர் சட்டென்று இறங்குவது கைக்குத் தெரியும். சுத்திகரித்த பிடுங்கிய பல் நாலைந்து கிடைத்தால் அந்த இறக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஹெபடைடிஸ் பி ஊசி. 0, 1, 6 மாதக் கணக்கு, அதனால் கடைசி நேரத்தில் ஓடினால் முடியாது. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வேலையின்போது நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் அதைப் பிதுக்க வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. திட்டு விழும் என்று மறைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கதை. முதல் நோயாளி ஒரு ஆட்டோ அண்ணன், பல் 36 (கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்). "வலிக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு, அதிவேகமாகக் குடையும் கருவியான ஏரோட்டரை வைத்தேன். கூச்சம் தாங்காமல் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றுகிற பர் வாய்க்குள் இருக்கிறது, என் கால் பெடலை விட்டு எழவேயில்லை! கன்னத்தின் உள்ளே ஒரு கீறல். தையல் இல்லாமல் ஆறிவிட்டது. நான்தான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் லேபில் ஒரு பயிற்சி: நீங்கள் குடைந்துகொண்டிருக்கும்போது தோழி எப்போது வேண்டுமானாலும் "நிறுத்து" என்பாள். முதலில் கால் எழ வேண்டும். கை அங்கேயே நிற்க வேண்டும். பர் நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். நோயாளியிடம் "கூசினா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்று சொல்லுங்கள். தூக்கினால் நிஜமாகவே நிறுத்துங்கள். "வலிக்காது" வேண்டாம். "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டில் "சுகர் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "காலையில என்ன மாத்திரை போடுறீங்க லாத்தா?" என்று கேளுங்கள், பை திறக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாரா, சாப்பிட்டு வந்தாரா என்பதையும் கேளுங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று யாராவது தவறாக நம்பிச் சொன்னால் சிரிக்காதீர்கள். பல்லைப் பார்க்குமுன் நாக்கு, கன்னம், ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டும் ஆறாத புண்ணும் மூத்த மருத்துவர்களிடம் காட்ட வேண்டியவை.

மரத்துப்போகும் ஊசியைப் படுக்க வைத்தே போடுங்கள், மயக்கம் குறையும். உள்ளே போனதும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம், அவ்வளவு மெதுவாக. கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை மரத்துப்போகச் செய்யும் பிளாக் ஊசி என்றால், உதடு தடித்த மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொல்லும்வரை கருவியை எடுக்காதீர்கள்.

போன வருஷம் கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருவர் வந்திருந்தார். சக்‌ஷன் பிடித்த பிள்ளை, "மேடம், எவ்வளவு அமைதியா இருக்காங்க!" என்றாள். நான் நெஞ்சைப் பார்த்தேன், அசையவில்லை. பெடலிலிருந்து காலைத் தூக்கினேன். அக்கா பெரிதாக மூச்சு வாங்கிவிட்டு, "வாயில தண்ணி வந்தா அடக்கத்தானம்மா செய்யணும், முங்குனா அப்படித்தானே?" என்றார். மூக்கால் மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்து, இருபது எண்ணுவதற்கு ஒருமுறை நிறுத்தி, ஒருவழியாக அடைத்து முடித்தோம். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றது, அதுவும் தொல்லைதான்.

முதல் நாள் ஏரோட்டருக்கு அடிபோடாதீர்கள், ஸ்கேலிங் (பல் சுத்தம் செய்வது) கேட்டு வாங்குங்கள். எச்சில், நாக்கு, ரத்தம், பேச்சு எல்லாம் அதிலேயே பழகிவிடும். இன்னொன்று: லீவுக்கு வரும்போது கருவிப் பெட்டியை ஊருக்குத் தூக்கி வராதீர்கள். வந்தே தீரும் என்றால் ஈரமில்லாமல் துடைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். எங்கள் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை.