காரோ-கான் தற்காப்பில் உள்ள பொறிகள்: வைப்பதும் தப்புவதும்

சதுரங்கத்தில் வெள்ளை இ4 (பலகையின் செங்குத்து வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை, கிடை வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை பெயர்) என்று தொடங்கியதும், கறுப்பு சி6 என்று சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அடுத்த நகர்த்தலில் டி5-இல் மோதுவதற்கு ஆயத்தமாவதே காரோ-கான் தற்காப்பு. ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்னும் இருவர் 1886-இல் இதை ஆராய்ந்து எழுதியதால் அவர்கள் பெயரே இதற்கு நிலைத்தது. காபாபிளாங்கா, போட்வின்னிக், கார்ப்போவ் போன்ற உலகச் சாம்பியன்கள் நம்பி ஆடிய இந்தத் தற்காப்புக்கு உறுதியானது என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரே ஆபத்தாகவும் முடிகிறது. முதல் எட்டு நகர்த்தல்களைப் பலகையைப் பாராமலேயே ஆடிவிடலாம் என்ற மெத்தனம் கறுப்புக்கு எளிதில் வந்துவிடுகிறது. இங்குள்ள பொறிகளில் பெரும்பாலானவை முட்டாள்தனமான நகர்த்தலைத் தண்டிப்பவை அல்ல. வேறொரு வரிசையில் முற்றிலும் சரியாக இருந்திருக்கும் ஒரு நகர்த்தலை, ஒரு படி முன்னதாக ஆடியதற்காகத் தண்டிப்பவை.

பலகையை எதிரில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. இ4 சி6, டி4 டி5, குதிரை சி3 (ஒவ்வொரு இணையிலும் முதலாவது வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கறுப்பின் பதில்). கறுப்பின் டி சிப்பாய் இ4-ஐ வெட்ட, வெள்ளைக் குதிரை அதைத் திருப்பி வெட்டுகிறது. இதை அடிப்படை நிலை என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் பொறிகளில் பல இங்கிருந்தே பிரிகின்றன.

அடிப்படை நிலையில் கறுப்பு தன் பி8 குதிரையை டி7-க்குக் கொண்டுவருகிறது. அடுத்து ஜி8 குதிரையை எஃப்6-இல் வைத்து, வெள்ளைக் குதிரையோடு மாற்றிக்கொள்வது அதன் திட்டம். அப்போது வெள்ளை ராணியை இ2-இல் வைக்கிறது. தன் மந்திரியின் வழியைத் தானே அடைக்கும் அசட்டு நகர்த்தலாகத் தோன்றினாலும், இ வரிசையில் ராணிக்கும் கறுப்பு ராஜாவுக்கும் நடுவே வெள்ளைக் குதிரையும் இ7 சிப்பாயும் மட்டுமே நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். கறுப்பு திட்டப்படி ஜி8 குதிரையை எஃப்6-இல் வைத்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் இறங்கி ஆறாவது நகர்த்தலிலேயே மேட். இ7 சிப்பாய் அதை வெட்ட முடியாது. வெட்டினால் ராணியின் பார்வை நேரே ராஜாவின் மேல் விழும். தப்ப வேறு கட்டமும் இல்லை, ஏனெனில் ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 1950-இல் போலந்தில் நடந்த ஒரு போட்டியில் பால் கெரெஸ், அர்லமோவ்ஸ்கியை சற்றே வேறு வரிசையில், இதே மேட்டால் ஆறு நகர்த்தல்களில் வென்றார். தப்பும் வழி மிக எளிது: ஜி8 குதிரைக்குப் பதிலாக டி7 குதிரையையே எஃப்6-க்கு நகர்த்துங்கள். டி7 காலியாவதால் ராஜாவுக்கு வழி பிறக்கிறது, ராணிக்கும் டி6 தெரிகிறது. அதன்பின் வெள்ளை ராணி இ2-இல் தன் மந்திரிக்கே தடையாக நிற்க வேண்டியதுதான்.

அதே டி7 குதிரை நிலையில் வெள்ளை ஐந்தாவது நகர்த்தலாகக் குதிரையை ஜி5-க்குக் கொண்டுபோவது உண்மையிலேயே வலுவான ஆட்டமுறை. இங்குதான் எச்6 என்ற சிப்பாய் நகர்த்தல் எத்தனை விதமாகக் காலை வாரும் என்பதைப் பார்க்கலாம். குதிரை ஜி5-இல் வந்து நின்றதுமே எச்6 என்று விரட்டினால், அது பின்வாங்காமல் இ6-இல் குதித்து ராணியைத் தாக்குகிறது. எஃப் சிப்பாய் அதை வெட்டினால் வெள்ளை ராணி எச்5-இல் செக் கொடுக்கிறது. ஜி6 என்று மறித்தால் ராணி ஜி6-ஐ வெட்டி மேட். குதிரையை வெட்டாமல் ராணியை ஏ5-இல் செக்குடன் நகர்த்தினால் கறுப்பு பிழைத்துக்கொள்ளும், ஆனாலும் திறப்பில் தோற்றுவிட்ட நிலைதான்.

இரண்டாவது வகையில் வெள்ளை முதலில் மந்திரியை சி4-இல் வைக்கிறது. கறுப்பு ஜி8 குதிரையை எஃப்6-இல் வைக்க, வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வருகிறது. இ6 என்று கறுப்பு சரியாகவே அடைக்க, ராணி இ2-இல் வந்து நிற்கிறது. இப்போது எச்6 என்று விரட்டினால் குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது. ராஜா அதை வெட்ட, ராணி இ6-ஐச் செக்குடன் வெட்டுகிறது. ராஜா ஜி6-க்கு ஏற, மந்திரி டி3-இல் செக். ராஜா எச்5-க்கு ஓட, ராணி எச்3-இல் மேட். கறுப்பு இந்த இடத்தில் ஆட வேண்டியது எச்6 அல்ல, டி7 குதிரையை பி6-க்கு நகர்த்துவது. அது சி4 மந்திரியை விரட்டுவதோடு, சி8 மந்திரி இ6-ஐக் காக்கும் வழியையும் திறந்துவிடுகிறது.

மூன்றாவது வகைக்குப் பலியானவர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1997 மே 11-ஆம் நாள் நியூயார்க்கில், ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது, இறுதி ஆட்டத்தில் கேரி காஸ்பரோவ் இதே நிலைக்கு வந்தார். குதிரை ஜி5, குதிரை எஃப்6, மந்திரி டி3, இ6, ஜி1 குதிரை எஃப்3 என்று ஆட்டம் போனபின், எஃப்8 மந்திரியை டி6-க்கு நகர்த்திவிட்டு எச்6 ஆடுவதே அறிந்த வரிசை. காஸ்பரோவ் எச்6-ஐ ஒரு படி முன்னதாக ஆடினார். கணினி குதிரையைக் கொடுத்து இ6 சிப்பாயை வெட்டியது. அவர் ராணியை இ7-இல் வைக்க, வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்தது. எஃப் சிப்பாய் குதிரையை வெட்ட, மந்திரி ஜி6-இல் செக் கொடுத்தது. ராஜா டி8-க்குத் தள்ளப்பட்டது. இந்த இடத்தில் நிறுத்திக் கறுப்பு நிலையைப் பாருங்கள். ஒரு குதிரை கூடுதலாக இருக்கிறது, ஆனால் எஃப்8 மந்திரி தன் ராணிக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறது, ராஜா நடுவே அலைகிறது, ஏ8 யானை ஆட்டத்திலேயே இல்லை. வெள்ளையின் 19-ஆவது நகர்த்தலுக்குப் பின் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார், போட்டி 3.5-2.5 என்று கணினிக்குச் சென்றது. ஆகவே குதிரை ஜி5-இல் நிற்கும்போது எச்6 என்று கை நீளுமானால், குதிரை இ6-இலோ எஃப்7-இலோ விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்ட பிறகே சிப்பாயைத் தொடுங்கள்.

டி7 குதிரைக்குப் பதில் மந்திரியை எஃப்5-க்கு வெளியேற்றுவதுதான் பழைய, பெரும்பாலோர் விரும்பும் வழி. அதில் வெள்ளை குதிரையை ஜி3-க்கு எடுத்து, மந்திரி ஜி6-க்குப் போனதும் எச்4 என்று துரத்தும். எச்6 என்று கறுப்பு புகலிடம் அமைத்துக்கொள்ள வேண்டும். அமைக்காவிட்டால் மந்திரி செத்தது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. எச்6-க்குப் பதில் குதிரை டி7 ஆடி, வெள்ளை எச்5 என்று நெருக்கினாலும், மந்திரி எஃப்5-க்குப் போய், குதிரை அதை வெட்டியதும் கறுப்பு ராணி ஏ5-இல் செக் கொடுத்து எஃப்5-இல் உள்ள குதிரையைத் திருப்பி வெட்டிவிடும். வெள்ளைக்கு வசதியான நிலைதான், ஆனால் காய் கிடைத்துவிடவில்லை.

மெய்யான ஆபத்து, டி சிப்பாயை நகர்த்தாமல் வெள்ளை இரண்டு குதிரைகளையும் முதலில் வெளியே கொண்டுவரும்போதுதான். அப்போது இ5 கட்டம் குதிரைக்குத் திறந்திருக்கிறது; எச்4, எச்6 ஆனதும் குதிரை இ5-இல் அமர்கிறது, மந்திரி எச்7-க்கு ஒதுங்க, ராணி எச்5-க்கு வருகிறது. ஜி6 என்று ராணியைத் தாக்கினால், அதைப் பொருட்படுத்தாமல் வெள்ளை மந்திரியை சி4-இல் வைக்கும். ராணியை வெட்டினால் மந்திரி எஃப்7-இல் மேட். 1938-இல் பிளிமத்தில் அலெக்சாண்டர் அலெகின், புரூஸ் என்பவருக்கு எதிராக இதையே ஆடினார். புரூஸ் ராணியைத் தொடாமல் இ6 ஆடினார், ராணி இ2-க்குத் திரும்பியது. அடுத்து அவர் குதிரையை எஃப்6-இல் வைக்க, வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டியது, இன்னும் இரண்டே நகர்த்தலில் மேட். எனவே இரு குதிரை முறைக்கு எதிராக மந்திரியை எஃப்5-இல் வைக்காதீர்கள்.

மூன்றாவது நகர்த்தலிலேயே வெள்ளை இ5 என்று முன்னேறினால், மந்திரி எஃப்5-க்கு வருவது சரியே. ஆனால் அதற்கு எச்4 என்று பதில் வந்தால், வழக்கமான இ6 காயை இழக்கும் தவறு: ஜி4, மந்திரி இ4, எஃப்3, மந்திரி ஜி6, எச்5, இனி எங்கே போனாலும் வெட்டு. எச்5 என்று கறுப்பே முட்டுக்கட்டை போடுவது நல்லது. எச்6 ஆடினால், ஜி4 வந்ததும் மந்திரியை டி7-க்குத் திருப்ப வேண்டும். 1961 உலகப் பட்ட மறுபோட்டியில் தாலுக்கு எதிராக போட்வின்னிக் அப்படித்தான் ஆடினார்.

எஃப்3 என்று மூன்றாவது நகர்த்தலில் வரும் முறையை உங்களில் பலர் இணைய ஆட்டங்களில் சந்தித்திருப்பீர்கள். சிப்பாய்களை மாற்றிக்கொண்டு கறுப்பு இ5 ஆட, வெள்ளை குதிரையை எஃப்3-இல் வைக்கிறது. டி4 சிப்பாயை வெட்டும் ஆசையைத் தவிர்த்து மந்திரியை ஜி4-இல் வையுங்கள். வெட்டினால் மந்திரி சி4-க்கு வரும். பி4-இல் செக் கொடுத்து, சி3 என்று மறித்ததையும் வெட்டினால், வெள்ளை மந்திரி எஃப்7-ஐச் செக்குடன் வெட்டி ராஜாவை இழுத்துவிட, டி8-இல் உங்கள் ராணி பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

கறுப்பும் பொறி வைக்கலாம். அடிப்படை நிலையில் குதிரையை எஃப்6-இல் வைத்து, வெள்ளைக் குதிரை ஜி3-க்கு ஒதுங்கினால் எச்5 ஆடுங்கள். வெள்ளை மந்திரியை ஜி5-இல் வைத்தால் எச்4 என்று குதிரையைத் தாக்குங்கள். மந்திரி எஃப்6 குதிரையை வெட்ட, சிப்பாய் ஜி3 குதிரையை வெட்டுகிறது. மந்திரி இ5-க்குப் பின்வாங்க, கறுப்பு யானை எச்2 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை யானை அதை வெட்டினால், கறுப்பு ராணி ஏ5-இல் செக். சி3 என்று மறித்ததும் ராணி இ5 மந்திரியைச் செக்குடன் வெட்டித் தன்னையே பலியாகக் கொடுக்கிறது. டி சிப்பாய் ராணியை வெட்ட, ஜி சிப்பாய் எச்2-இல் யானையை வெட்டி நிற்கிறது. அது ராணியாவதைத் தடுக்க வெள்ளையிடம் எதுவுமில்லை. 1914-இல் கார்ல் கார்ல்ஸ், ஷூஸ்டர் என்பவரை வென்றது இப்படித்தான்.

இவற்றைப் பயிலும்போது ஒரு நகர்த்தலைத் தனியே மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு பொறியையும் எதிராளி சரியாகப் பதிலளித்தால் உங்கள் நிலை என்னவாகும் என்பதோடு சேர்த்துப் படியுங்கள். குதிரை ஜி5 பலிக்காவிட்டாலும் வெள்ளைக்கு நட்டமில்லை, ஆகவே அதைத் தயங்காமல் ஆடலாம். ராணி இ2 பலிக்காவிட்டால் காய்கள் வெளிவருவது தாமதமாகும், ஆகவே அதை விரைவு ஆட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இணையத்தில் விரைவு ஆட்டம் ஆடுபவர்கள், குதிரையை டி7-இல் வைத்தபின் ஐந்தாவது நகர்த்தலை மட்டும் பிரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே அடுத்த நகர்த்தலைப் பதிந்துவைப்பது) செய்யாதீர்கள். வெள்ளை ராணி எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு எஃப்6-க்கு எந்தக் குதிரை என்று முடிவு செய்யுங்கள்.